பிரியாணிக்குப் பிறகு பேசவேண்டியவள்

இன்னும் கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். மேடையில் கிரிக்கெட்காரர் பவர்ப்ளேயில் இருக்கிறார், பேச ஆரம்பித்ததிலிருந்தே பவர்ப்ளேயில்தான் இருக்கிறார், அதைத் தாண்டி வருகிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை. முதல் ஆறு ஓவர் எப்படியோ அப்படித்தான் விளம்பரத்தின் முதல் வாரம் என்கிறார். எதிரே இருப்பவர்கள் எல்லாரும் இப்போதுதான் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள், தலையாட்டுகிறார்கள், ஒப்புக்கொண்டு ஆட்டுகிறார்களா தூக்கத்தில் ஆடுகிறதா என்று சுவரோரம் உட்கார்ந்திருக்கிற எனக்குப் பிடிபடவில்லை. ஏசி நேராக என் கழுத்தில் இறங்குகிறது. எழுந்து வேறு நாற்காலிக்குப் போகலாம், ஆனால் எழுந்திருப்பது என்பதே இன்றைக்குப் பெரிய வேலையாக இருக்கிறது, அதை மேடைக்குப் போகும்போது ஒரேயடியாகச் செய்துகொள்ளலாம். எங்கள் ஆன்லைன் விளம்பரக் கம்பெனியின் வழக்கம் இது, அவ்வப்போது வாடிக்கையாளர்களைக் கிண்டியில் ஒரு ஓட்டலுக்குக் கூப்பிட்டு, சோறு போட்டு, ஊக்கம் கொடுத்து, டீ நேரத்தில் அடுத்த வருஷத்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுவது. கல்யாண மண்டபத்தில் மொய் எழுத மேஜை போடுவதுபோல வாசலில் ஒரு மேஜை, மேஜைமேல் பேனா, பேனாவுக்குப் பின்னால் சிரித்த முகமாக ஒரு பெண். இந்த முறை தலைப்பு 'மைதானத்திலிருந்து மார்க்கெட்டிங்குக்கு'. கிரிக்கெட்காரர் ஒரு மைதானம், நான் இன்னொரு மைதானம். பளுதூக்குவதற்கு மைதானமே கிடையாது, ஒரு பலகை மேடைதான் என்று பிரசன்னாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க ஹேமா, நீங்க ஃபீலோட சொல்லுங்க, போதும்" என்றார். பிரசன்னா எங்கள் கம்பெனியை ஆரம்பித்தவர், என்னைவிட வயதில் சின்னவர், வாழ்க்கையில் எந்த விளையாட்டும் விளையாடாதவர், அதனால் விளையாட்டின்மேல் அளவுகடந்த மரியாதை உள்ளவர்.

ஸ்லைடுகளை அவர்தான் எழுதினார். பத்துப் பாடங்கள். முதல் ஸ்லைடில் என் பெயர், ஹேமாவதி, அதற்குக் கீழே 'தேசிய சாம்பியன்' என்று போட்டிருந்தார். தேசியப் போட்டியில் நான் ஆறாவது என்றேன். "தேசியம் வந்துடுச்சில்ல" என்றார். பிறகு நான் மூக்கால் அழுததில் 'தேசிய அளவில் மின்னியவர்' என்று மாற்றினார், ஆறாவது இடத்தில் எவ்வளவு மின்ன முடியுமோ அவ்வளவு மின்னியவள். அடுத்த ஸ்லைடில் பெரிய எழுத்தில் 'கைவிடாதே'. பக்கத்தில் கழுத்து நரம்பு புடைத்த ஒரு வெள்ளைக்கார ஆண், தலைக்குமேல் இரும்பு. அந்த ஸ்லைடைத்தான் என்னால் தாண்டவே முடியவில்லை, நேற்றிலிருந்து அங்கேயே நிற்கிறேன். ஏனென்றால் வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் ஜிம்மில் சேர்ந்த முதல் நாள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தது கையை விடுவதற்குத்தான். தூக்குவதற்கு அப்புறம். பார், அதாவது அந்த இரும்புக் கம்பி, முன்னால் சாய்ந்தால் தள்ளிவிட்டுப் பின்னால் குதி, பின்னால் போனால் விட்டுவிட்டு முன்னால் குதி. எடையில்லாத வெறும் பாரை வைத்துக்கொண்டு நாங்கள் எட்டுப் பத்துப் பெண்கள் வரிசையாக நின்று கீழே போட்டுக்கொண்டே இருப்போம், டமால், டமால், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து சண்டைக்கு நிற்பார்கள். வெட்கமாக இருக்கும், தூக்க வந்தவளைப் போடச் சொல்கிறார்களே என்று. ஆனால் போடத் தெரியாதவளுக்குப் பாரில் எடைத் தட்டு ஏற்றவே மாட்டார்கள். அதெல்லாம் நன்றாகத் தெரிந்த நான்தான் மாநிலப் போட்டியில் பின்னால் போன பாரை விடாமல் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, கூட்டம் கத்தியது, யாரோ பிடி பிடி என்றார்கள், பிடித்தேன், மணிக்கட்டு போயிற்று. மறுநாள் பேப்பரில் 'போராட்ட குணம்' என்று எழுதியிருந்தார்கள். பிரசன்னாவுக்கு அந்த வீடியோ கிடைத்ததில் அப்படியொரு சந்தோஷம், மூன்றாவது ஸ்லைடு அதுதான், இன்றைக்கு இத்தனை பேருக்கு நடுவில் என் மணிக்கட்டு மறுபடியும் உடையும். இப்போதே அது வலிக்க ஆரம்பித்துவிட்டது. ஏசியாகத்தான் இருக்கும்.

தண்ணீர் பாட்டில் மடியில் இருக்கிறது, குடிக்கலாம், ஆனால் பேசப் போகும் முன் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று உடம்பு எதையோ ஞாபகம் வைத்திருக்கிறது. ஐம்பத்து மூன்று கிலோ பிரிவு. எனக்கு என்னமோ எப்போதும் ஐம்பத்து நான்கு. அந்த ஒரு கிலோவோடு என் பத்தொன்பதாவது வயதும் இருபதாவது வயதும் போயின. போட்டிக்கு முந்தின நாள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலூர் வெயிலில் ஓடுவது, தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்புவது, எச்சிலைக்கூட விழுங்காமல் பாட்டிலில் துப்புவது, காலையில் ஒரு அறையில் பெண் அதிகாரி முன்னால் துணியில்லாமல் எடைமேடையில் ஏறி நிற்பது. அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவே மாட்டார், எண்ணை மட்டும் பார்ப்பார். ஒரு முறை கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது, கூட வந்த பெண் கத்தரிக்கோல் வாங்கிவந்து என் முடியை வெட்டினாள், பாத்ரூம் தரையில் அவ்வளவு முடி, மறுபடி ஏறினேன், சரியாக நின்றது. அப்போது அழவில்லை, அழுதால் இன்னும் கொஞ்சம் குறையும் என்று அவள் சொன்னதற்குச் சிரித்தேன். இப்போது திங்கட்கிழமை தோறும் பிரசன்னா டாஷ்போர்டைத் திரையில் போடும்போது அந்த அறைதான் ஞாபகம் வருகிறது. ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக எண், எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், எந்த வாடிக்கையாளர் தங்கினார், யார் போனார். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. மற்றவர்கள் எல்லாம் இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுப் பிள்ளைகள், சாப்பிடாமலேயே ஒல்லியாக இருக்கிறார்கள், நான் ஸ்போர்ட்ஸ் மேடம். போன திங்கட்கிழமை பிரசன்னா சிரித்துக்கொண்டேதான் சொன்னார், "ஒரு அக்கவுண்ட் போச்சுன்னா ஒரு சேர் போகும் ஹேமா, நான் என்ன பண்றது, சொல்லுங்க." எந்த அக்கவுண்ட், யார் சேர் என்று சொல்லவில்லை. என் கையில் இருப்பது இப்போது ஒன்றே ஒன்றுதான், ஆம்பூர் அக்கா. அந்த அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், இந்தக் கூட்டத்தில் கொட்டக்கொட்ட விழித்திருக்கிற ஒரே ஆள், கிரிக்கெட்காரர் சொல்வதையெல்லாம் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருக்கிறார், நடுவில் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜெய்த்தூன் அக்காவுக்கு ஆம்பூர் பஜாரில் குழந்தைகள் செருப்புக் கடை. கணவர் தோல் ஃபேக்டரியில் இருந்தவர், அவர் இறந்த பிறகு இவராகவே எடுத்து நடத்துகிற கடை, இரண்டு பேர் சேர்ந்து நின்றால் மூன்றாவது ஆள் வெளியில் நிற்கவேண்டிய அகலம். ரீல்ஸ் எடுக்க நான் ஒரு நாள் போயிருந்தேன். ஒரு குழந்தை வந்தால் முதலில் பெஞ்சில் ஏற்றி உட்காரவைத்துப் பேர் கேட்பார், ஷூவை மாட்டுவார், எழுந்து நிற்கச் சொல்லி முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். உள்ளே பெருவிரல் எங்கே இருக்கிறது என்று அவர் விரலுக்குத் தெரியும். அம்மாக்காரி இது போதும் என்பாள். "போதாது மா, ரம்ஜானுக்குள்ள இவன் வளந்துருவான்" என்று ஒரு சைஸ் பெரிதாக எடுப்பார், குழந்தையைக் கடைக்குள்ளேயே தொம் தொம்மென்று குதிக்கவிடுவார். அந்தக் கட்டைவிரலை நான் ரீல்ஸில் போட்டேன். ஊரே பார்த்தது. லட்சக்கணக்கில். பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் அக்காவுக்கு போன் வந்தது, அக்கா எனக்கு போன் செய்து அழுதார், "எங்க வூட்டுக்காரர் இருந்திருந்தா இதப் பாத்திருப்பார் மா" என்றார், நானும் இங்கே அழுதேன், பிரசன்னா ஆபீஸுக்கே கேக் வெட்டினார். பிறகு ஆர்டர்கள் வந்தன. பிறகு எல்லாம் திரும்பி வந்தன. பெரிசாக இருக்கிறது, சின்னதாக இருக்கிறது, கடிக்கிறது, பிள்ளை போட மாட்டேன் என்கிறது. அந்தக் கட்டைவிரலைத்தான் ஜனங்கள் வாங்கினார்கள், அதைப் பெட்டியில் வைத்து அனுப்ப முடியவில்லை. போகிற செலவும் அக்காவுடையது, வருகிற செலவும் அக்காவுடையது. கடையில் சம்பாதித்து ஆன்லைனில் கட்டிக்கொண்டிருக்கிறார். பிரசன்னாவிடம் சொன்னேன், அக்காவுக்கு இது ஒத்துவராது, நிறுத்திவிடலாம், ஆம்பூரைச் சுற்றி இருக்கிற ஊர்களுக்கு மட்டும் சின்னதாக விளம்பரம் போட்டுக் கடைக்கு வரவைக்கலாம் என்று. "அல்காரிதம் இன்னும் கத்துக்கிட்டிருக்கு ஹேமா, நடுவுல நிறுத்துனா எல்லாம் வேஸ்ட். நீங்களே ஸ்போர்ட்ஸ்ல இருந்துட்டு இப்பிடிப் பேசலாமா" என்றார். ஸ்போர்ட்ஸில் இருந்ததால்தான் பேசினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போன மாதம் அக்கா போனில் சொன்னார், கடையை விட்டுவிட்டு முழுசாக ஆன்லைனுக்கே வந்துவிடலாமென்று நினைக்கிறேன், ரெண்டு பக்கமும் கால் வைக்க முடியல மா என்று. நான் என்ன சொன்னேன். யோசித்துச் செய்யுங்கள் அக்கா என்றேன். அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமா, கிளி ஜோசியக்காரன்கூடக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியிருப்பான்.

சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு டீக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும், அந்த மேஜையில் அவர் பேனாவை எடுக்கும் முன்னால். எப்படிச் சொல்வது. அக்கா, இந்த வருஷ ஒப்பந்தம் வேண்டாம், கடையை விடாதீர்கள். அவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லக்கூடியதுதான். ஆனால் அவர் ஏன் என்று கேட்பார், கேட்டால் முதலிலேயே உனக்குத் தெரியாதா என்பார், என்பாரோ மாட்டாரோ, மாட்டார், அதுதான் இன்னும் கஷ்டம். போட்டியில் ஒரு விதி உண்டு, பாரில் ஏற்றிய எடையை இறக்க மாட்டார்கள். குறைவாகக் கேட்டவள் முதலில் வருவாள், எடை ஏறிக்கொண்டேதான் போகும், உனக்காக யாரும் ஒரு தட்டைக் கழற்ற மாட்டார்கள். அதனால்தான் முதல் முயற்சிக்கு எப்போதும் ஜுரத்தோடு வந்தாலும் தூக்கிவிடக்கூடிய எடையைக் கேட்கவேண்டும். முதல் தடவை தூக்கிவிட்டால் மேடையில் உனக்கு ஒரு பெயர் இருக்கிறது, மூன்று தடவையும் தவறினால் நீ வந்ததற்கே கணக்கில்லை. இதைப் பத்தாவது பாடமாகச் சேர்க்கலாம் என்றேன் பிரசன்னாவிடம், முதல் முயற்சியைச் சின்னதாக வையுங்கள், உங்கள் ஊர், பக்கத்து ஊர், அதற்கப்புறம் மற்றது. "டல்லா இருக்கு" என்றார், அந்த இடத்தில் 'கனவைப் பெரிதாகக் காண்' வந்துவிட்டது. சேர் போனால் போகட்டும் என்று தைரியமாக நினைத்துப் பார்க்கிறேன், நினைக்க மட்டும்தான் முடிகிறது. முப்பத்து நாலு வயதில் இன்னொரு ஆபீஸில் போய், எனக்கு ஒரே இழுப்பில் தலைக்குமேல் தூக்குகிற ஸ்னாட்ச் தெரியும் என்று சொல்ல முடியாது. வீட்டில் என்ன ஆச்சு என்று கேட்பார்கள், ஒன்றுமில்லை என்பேன், எனக்கே அலுத்துப்போன ஒன்றுமில்லை. எல்லாமே அலுத்துப்போயிற்று. பிறருக்கு ஊக்கம் கொடுக்கிற வேலை இருக்கிறதே, எங்கேயோ ஒரு ஓட்டைப் பம்பு வைத்துக்கொண்டு ஊர்ச் சைக்கிளுக்கெல்லாம் காற்றடிக்கிற மாதிரி. மேடையில் கைதட்டுகிறார்கள். கிரிக்கெட்காரர் பவர்ப்ளேயை ஒருவழியாக முடித்துவிட்டார், கும்பிடுகிறார், விழித்துக்கொண்டவர்கள் பலமாகத் தட்டுகிறார்கள். என் ஸ்லைடுகள் உள்ள லேப்டாப்பை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், ஒயரில் ஏதோ தகராறு, ஒருவன் குனிந்து பார்க்கிறான். இதுதான் நேரம். எழுந்துவிட்டேன், எழுந்ததே ஆச்சரியமாக இருக்கிறது, கால்கள் மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டன, அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அதே கட்டைவிரல் என் மணிக்கட்டில் அழுந்துகிறது. "ஏம்மா கையி இப்பிடி சில்லுனு கெடக்கு, பயமா" என்றார். அக்கா, ஒன்று சொல்லவேண்டும் என்றேன். "நானும் ஒண்ணு சொல்லணும் மா, நான் மொதல்ல சொல்லிர்றேன், இல்லன்னா மறந்துருவேன்" என்று போனை எடுத்தார். படத்தில் ஒரு சின்ன அறை, சுவரில் அலமாரி இருந்த இடமெல்லாம் வெள்ளையாக, தரையில் காலி அட்டைப்பெட்டிகள், பெஞ்சைக்கூட எடுத்துவிட்டார்கள். எந்த இடம் என்று கேட்பதற்குள் புரிந்துவிட்டது, அக்காவின் கடை. "நேத்தே ஒழிச்சாச்சு. ஓனர் நாளைக்குச் சாவி வேணுங்கிறார், பக்கத்து மொபைல் கடைக்காரன் கேட்டுட்டே இருந்தான், அவனுக்கு விடப் போறாராம். சரக்கு பூரா வூட்டு மாடில. எனக்கு ராத்திரி பூரா ஒரே யோசன, தப்புப் பண்றமோன்னு. அப்பறம் உங்க ஆபீஸ்ல அனுப்புனாங்களே, நீ வெயிட்டு தூக்குற வீடியோ, அதப் போட்டுப் பாத்தேன், கையி போனாலும் விடாம நிக்குற பாரு, அழுவையே வந்துருச்சு. சரி, இந்தப் புள்ள இருக்கா நமக்குன்னு தைரியமாயிட்டேன். நீ என்னமோ சொல்ல வந்தியே மா?"

என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். தேசிய அளவில் மின்னிய ஹேமாவதி. பிரசன்னா ஓரத்தில் நின்று இரண்டு கட்டைவிரலையும் உயர்த்துகிறார். அக்கா என் முதுகைத் தட்டி, "போயிட்டு வா, நல்லாப் பேசு" என்கிறார், நான் நடக்கிறேன், படி ஏறுகிறேன், எத்தனையோ மேடைக்கு வராத பயம் இந்தக் கார்பெட் மேடைக்கு வருகிறது. வீடியோவைப் பார்த்தாராம். நான் வாயை மூடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்த வீடியோ பேசியிருக்கிறது. இனி என்ன சொல்வது, சாமான்களை ஒழித்தாயிற்று, இப்போது போய்த் தப்பு என்று சொன்னால் அவர் நெஞ்சு தாங்குமா, சொல்லாமல் விட்டால் நானும் அவரைத் தட்டிக்கொடுத்து அனுப்பியதாகிவிடும், ஒருவேளை ஓடினாலும் ஓடும் இந்த ஆன்லைன், ஒருவேளை அல்காரிதம் உண்மையிலேயே கற்றுக்கொள்ளும், குழந்தைகளின் பெருவிரலை அது எங்கே போய்க் கற்றுக்கொள்ளும். பின்னால் திரையில் வெள்ளைக்காரன் வந்துவிட்டான், திரும்பிப் பார்க்காமலே தெரிகிறது. வணக்கம் என்றேன். கூட்டம் காத்திருக்கிறது, முன்வரிசையில் ஒருவர் உற்சாகப்படுத்துவதற்காகத் தட்டுகிறார், பிரசன்னா கையால் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார், பேசு பேசு என்று. கண் கூசுகிற விளக்குக்கு அந்தப் பக்கம் மூன்றாவது வரிசையைத் தேடினேன். இருந்தார், முகமெல்லாம் சிரிப்பாக. நாளைக்குத்தானே சாவி. நாளைக்கு என்றால் இன்னும் கொடுக்கவில்லை. அலமாரியைத் திரும்ப மாட்டலாம், பெஞ்சைத் திரும்பப் போடலாம், சரக்கு மாடியில்தான் இருக்கிறது, கடையிலிருந்து மாடிக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். "ஜெய்த்தூன் அக்கா" என்றேன். எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் மேடையில் தன் பெயர் கேட்ட பெருமையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பாதி எழுந்தார். "கடைச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?" கைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இருக்கு மா" என்றார். பிரசன்னாவின் கை சுற்றுவது நின்றுவிட்டது. அவரை நான் பார்க்கவில்லை, அக்காவை மட்டும்தான் பார்த்தேன். "அதக் குடுக்காதீங்க அக்கா. இங்க கையெழுத்தும் போடாதீங்க. செருப்பு எல்லாம் திரும்பித்தான் வரும், எனக்கு மொதல்லேயே தெரியும்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். மைக் நன்றாகவே வேலை செய்தது.